மணவாழ்வும் மனித உரிமையும்: பிரெடரிக் டக்ளஸ் வாழ்க்கை

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அமெரிக்க நாட்டுப் பெருமகன் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்துள்ளோம். கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என இளைஞர் சிலர் வினவக்கூடும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட நிலையில் ஒளிந்து ஒளிந்து படித்து உலகம் போற்றும் நாவலராய் உயர்ந்தவர் அவர். அது ஒன்றே கல்விக் கழகத்தார் அவரை நினைப்பதற்குப் போதிய காரணமாகும். ஆயினும் அவர் வாழ்வில் பலரும் கருதிப் பாராத மற்றொரு பக்கமும் உண்டு. யார் யாரை மணக்கலாம், யாருக்குப் பிறந்த பிள்ளை யாருக்கு உரியது என்பவற்றைச் சட்டம் வகுத்து வைத்த நாட்டில் அவர் பிறந்தார். இருமுறை மணம் புரிந்தார். அவ்விரு மணங்களின் வழியே அந்நாட்டுத் திருமணச் சட்டங்களின் போக்கு முழுவதையும் நாம் காணலாம். அகமணத்தால் கட்டுண்டு கிடக்கும் நம் சமுதாயத்திற்கு அதில் பாடம் உண்டு.

தாயின் நிலையே பிள்ளையின் நிலை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், டால்பட் கவுண்டி என்னும் பகுதியில், ஹாரியட் பெய்லி என்னும் அடிமைப் பெண்ணுக்கு மகனாகப் பிறந்தார் டக்ளஸ். ஆண்டு 1818. பிறந்த நாள் எதுவென அவருக்கே தெரியாது. குதிரைக்குட்டி பிறந்த கணக்கை எழுதுவது போல், அடிமைக் குழந்தைகள் பிறந்த கணக்கையும் பண்ணை உடைமையாளர் தம் ஏட்டில் எழுதி வைத்தனர். அவ்வேட்டில் 1818 பிப்ரவரி எனக் குறிப்பு உள்ளது. தந்தை வெள்ளையர் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பண்ணையின் எசமானரே என்று பிறர் பேசிக்கொண்டனர். உறுதியாக அறிய வழியில்லை.

வெள்ளையருக்குப் பிறந்த மகன் எவ்வாறு அடிமையானான்? அதற்கு விடை சட்டத்தில் இருந்தது. 1662 இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் இயற்றினர். பிள்ளை அடிமையா, சுதந்திரமுடையதா என்பதைத் தாயின் நிலையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலேயரின் பழைய மரபில் பிள்ளை தந்தையின் நிலையைப் பெறும். அம்மரபை இங்கே தலைகீழாகப் புரட்டினர். இதன் பயன் யாருக்கு? அடிமைப் பெண்ணை வன்முறைக்கு உள்ளாக்கிய எசமானருக்கு அதனால் பழியும் இல்லை, பொறுப்பும் இல்லை. பிறக்கும் பிள்ளையோ அவருடைய சொத்துக் கணக்கில் ஒன்றாகக் கூடும்.

மேரிலாந்தில் 1664 இல் இயற்றிய சட்டம் வேறொரு வாயிலை அடைத்தது. சுதந்திரமுடைய ஆங்கிலப் பெண் அடிமையொருவனை மணந்தால், அக்கணவன் உயிரோடு இருக்கும் வரை அவளும் அவனுடைய எசமானருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என அது விதித்தது. 1691 இல் வர்ஜீனியா, கறுப்பினத்தவரையோ செவ்விந்தியரையோ மணக்கும் வெள்ளையரை நாட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும் எனச் சட்டம் செய்தது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால் உண்மை விளங்கும். இரு இனத்தார் கூடுவதை இச்சட்டங்கள் தடுக்கவில்லை. கூடி மணம் புரிவதையே தடுத்தன. மணம் என்றால் மனைவிக்கு உரிமை உண்டு, பிள்ளைக்குத் தந்தை பெயர் உண்டு, சொத்தில் பங்கு உண்டு. அவ்வுரிமைகள் கறுப்பின மக்கள்பால் சென்றுவிடக் கூடாது என்பதே நோக்கம். நம் நாட்டில் ஒடுக்கப்பட்ட பெண்களைத் தீண்டத் தயங்காத ஆதிக்கக்காரர், அவர்கள் கையால் நீர் வாங்கத் தயங்கிய கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே நியாயந்தான் அங்கும் நடந்தது.

தாய் ஹாரியட் வேறொரு பண்ணைக்கு அனுப்பப்பட்டாள். பன்னிரண்டு மைல் தொலைவு இரவில் நடந்து வந்து, மகனை அணைத்து உறங்கச் செய்து, விடியுமுன் வேலைக்குத் திரும்பினாள். அவ்வாறு அவள் வந்தது சில முறையே. மகனுக்கு ஏழு வயது ஆகும்பொழுது அவள் மறைந்தாள். அடிமைகளின் மணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே கணவனை ஓரிடத்திற்கும், மனைவியை ஓரிடத்திற்கும், பிள்ளையைப் பிறிதோர் இடத்திற்கும் விற்க எசமானருக்குத் தடையேதும் இல்லை.

களவாகக் கற்ற கல்வி

எட்டு வயதளவில் சிறுவன் பால்டிமோர் நகரத்திற்கு அனுப்பப்பட்டான். அங்கே வீட்டுத் தலைவி சோபியா ஆல்ட், அடிமை வைத்துப் பழகாதவள். அன்போடு அவனுக்கு எழுத்துகளைக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினாள். கணவர் அறிந்தார்; சினந்து தடுத்தார். அடிமைக்கு எழுத்தைக் கற்பித்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். அருகில் நின்ற சிறுவனின் உள்ளத்தில் அவ்வாதமே விதையாக விழுந்தது. எதை எசமானர் அஞ்சுகிறாரோ அதுவே தன் விடுதலைக்கு வழி என அவன் உணர்ந்தான்.

தெருவில் திரியும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்துப் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் துறையில் மரங்களின்மீது தச்சர் இடும் அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதளவில், காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த ஐம்பது செண்ட் காசில் சொற்பொழிவுத் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்தான். பின்னர் இளைஞனாகிப் பண்ணை வேலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டபொழுது, ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாகப் பள்ளி நடத்தித் தன்னைப் போன்ற அடிமைகளுக்கு எழுத்தறிவித்தான். பகலெல்லாம் உழைத்து இரவில் அரிக்கேன் விளக்கொளியில் படித்த நம் இரவுப் பள்ளி மாணவர்கள் இக்காட்சியைத் தம் கண்முன் எளிதில் கொண்டு வரக்கூடும்.

முதல் மணம்

1836 இல் தப்பியோட முயன்று பிடிபட்டுச் சிறை சென்ற பின், அவர் மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார். கப்பல் துறையில் வேலை செய்தார். கூலியை எசமானர் வாங்கிக்கொண்டார். அந்நகரில் அன்னா முர்ரே என்னும் பெண்ணைச் சந்தித்தார். அன்னாவின் பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்கள் விடுதலை பெற்ற பின்னர்ப் பிறந்தமையால் அன்னா பிறவியிலேயே சுதந்திரமுடையவர். அவருக்கு மூத்த உடன்பிறப்புகளோ அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் எவ்வாறு இரு கூறாக்கிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அன்னா வீட்டு வேலை செய்து பொருள் சேர்த்தவர். தம் இறகு மெத்தையை விற்று டக்ளஸின் பயணச் செலவுக்குப் பணம் கொடுத்தார். 1838 செப்டம்பர் 3 ஆம் நாள், மாலுமி உடை அணிந்து, கடன் வாங்கிய மாலுமிச் சான்றிதழுடன் டக்ளஸ் இரயிலேறினார். ஒரு நாளுக்குள் நியூயார்க் சேர்ந்தார். அன்னா பின்தொடர்ந்து வந்தார். செப்டம்பர் 15 ஆம் நாள் மணம் நடந்தது. நடத்தி வைத்தவர் ஜேம்ஸ் பென்னிங்டன் என்னும் போதகர். அவரும் மேரிலாந்திலிருந்து தப்பிவந்த அடிமையே.

மேரிலாந்தில் அடிமையின் மணம் மணமாகாது. நியூயார்க்கிலோ போதகர் கையெழுத்திட்ட மணச்சான்று அவர்கள் கைக்கு வந்தது. ஏழாண்டுகள் சென்று தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டபொழுது, அச்சான்றினை அந்நூலில் அப்படியே அச்சிட்டார் டக்ளஸ். மணம் என்னும் எளிய உரிமைகூட மறுக்கப்பட்டவனுக்கே அந்தத் தாளின் அருமை தெரியும்.

மாசசூசெட்ஸ் கற்பித்த பாடம்

பின்னர் மணமக்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டு நகருக்குச் சென்றனர். பிடிபடாமல் இருக்கப் பெய்லி என்னும் பழைய குடும்பப் பெயரை விடுத்து டக்ளஸ் என்னும் பெயரை ஏற்றார். 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசினார். அன்று தொடங்கிய பேச்சு அவர் மறையும் வரை ஓயவில்லை.

மாசசூசெட்ஸில் அடிமை முறை ஒழிந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்தால் அம்மணம் செல்லாது என 1705 முதல் அங்கே சட்டம் இருந்தது. 1786 இல் அதனைப் புதுப்பித்தும் இருந்தனர். வில்லியம் லாயிட் காரிசன் 1831 இல் தொடங்கிய விடுதலை இதழில் இச்சட்டத்தை நீக்க வேண்டும் என எழுதி வந்தார். 1839 இல் லின் என்னும் ஊரைச் சேர்ந்த பெண்கள் பலர் ஒப்பமிட்டுச் சட்டமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். கறுப்பினக் கணவரைத் தேடுகின்றனர் என்று அப்பெண்களைச் செய்தித்தாள்கள் இழித்துரைத்தன. அவர்கள் பின்வாங்கவில்லை. 1843 இல் சட்டம் நீக்கப்பட்டது.

அவ்வாண்டுகளில் டக்ளஸ் அதே லின் நகரில் குடியிருந்தார். 1841 இல் வெள்ளையருக்கு உரிய இரயில் பெட்டியில் அமர்ந்ததற்காக அவரைப் பலர் கூடி இழுத்து வெளியே எறிந்தனர். இருக்கையும் அவரோடு பெயர்ந்து வந்தது என்பர். இரயில் பெட்டிப் பாகுபாடும் மணத் தடையும் ஒரே போராட்டத்தின் இரு முனைகளாக அம்மாநிலத்தில் முறியடிக்கப்பட்டன. பெட்டியில் ஒன்றாக அமர்வதற்கு உரிமை கேட்போம், மணத்தைப் பற்றிப் பேசமாட்டோம் என அவர்கள் ஒதுங்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

போரும் அதன் பின்னும்

1845 இல் நூல் வெளியானதும் அவர் யார் என்பது ஊரறிந்தது. எசமானர் பிடித்துச் செல்லக்கூடும் என்பதால் பிரிட்டனுக்குச் சென்றார். அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி 1846 இல் அவர் விடுதலையை விலைக்கு வாங்கினர். திரும்பி வந்து ராச்செஸ்டர் நகரில் 1847 இல் சொந்தமாக இதழ் தொடங்கினார். 1848 இல் செனிகா பால்ஸ் மாநாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார்.

உள்நாட்டுப் போரின்போது அவருடைய மக்கள் இருவர் படையில் சேர்ந்தனர். 1865 இல் அடிமை முறை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தால் ஒழிந்தது. 1868 இல் வந்த 14 ஆவது திருத்தம் யாவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதி செய்தது. 1870 இல் வந்த 15 ஆவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. அடிமைகளாக இருந்தோர் ஆயிரக்கணக்கில் தம் மணங்களைப் பதிவு செய்துகொண்டனர். முதிய தம்பதியரும் வரிசையில் நின்றனர்.

ஆனால் மணத்தடைச் சுவர் இடிந்து விழவில்லை. 1865 இலேயே மிசிசிப்பி மாநிலம் இரு இனத்தாரின் மணத்தை ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றமாக்கியது. கறுப்பின மக்கள் வாக்களித்துச் சட்டமன்றங்களில் அமர்ந்த சில ஆண்டுகளில் மிசிசிப்பி, லூசியானா, தென் கரோலினா முதலிய மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் நீங்கின. அவர்கள் அதிகாரம் பறிபோனதும் அவை திரும்பி வந்தன: தென் கரோலினாவில் 1879, மிசிசிப்பியில் 1880, லூசியானாவில் 1894. சட்டமன்றத்தில் நம்மவர் இருப்பதும் இல்லாமையும் நம் வீட்டு அடுக்களை வரை எட்டும் என்பதற்கு இது சான்று.

நீதிமன்றமும் கைவிட்டது. அலபாமா மாநிலத்தில், மணமாகாமல் கூடி வாழ்வோர் ஒரே இனத்தவராயின் சிறு தண்டனை. வேறு வேறு இனத்தவராயின் இரண்டாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. அச்சட்டத்தின்கீழ்க் கறுப்பின ஆடவர் ஒருவரும் வெள்ளைப் பெண் ஒருவரும் இரண்டிரண்டு ஆண்டு தண்டனை பெற்றனர். பேஸ் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில் 1883 சனவரியில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே அளவு தண்டனை. ஆகவே பாகுபாடு இல்லை என்பது தீர்ப்பின் வாதம். இருவர் கையிலும் விலங்கிட்டுவிட்டுச் சமத்துவம் என்று கூறும் இவ்வாதம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், விடுதிகளிலும் வண்டிகளிலும் பாகுபாட்டைத் தடுத்த 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்நீதிமன்றம் செல்லாததாக்கியது. வாஷிங்டனில் கூடிய கண்டனக் கூட்டத்தில் டக்ளஸ் முன்னின்று பேசினார்.

இரண்டாம் மணம்

இதற்கிடையில் 1882 ஆகஸ்டில் அன்னா மறைந்தார். ஐந்து மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவர் ஊர் ஊராகச் சென்று பேசிய காலத்தில் காலணி தைத்துக் குடும்பத்தைக் காத்தவர். தப்பிவந்த அடிமைகளுக்கு வீட்டில் புகலிடம் கொடுத்தவர். அவர் எழுத்தறிவு பெறவில்லை. டக்ளஸின் புகழில் ஒரு பாதி அன்னாவுக்கு உரியது என்றால் மிகையன்று.

1884 சனவரி 24 ஆம் நாள் டக்ளஸ் மறுமணம் புரிந்தார். மணமகள் ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளைப் பெண்மணி. மவுண்ட் ஹோலியோக்கில் 1859 இல் படித்துத் தேறியவர். போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்போக் நகரில் விடுதலை பெற்ற அடிமைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். டக்ளஸ் தலைவராயிருந்த பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். மணமகனுக்கு வயது 66க்கு அண்மை, மணமகளுக்கு 45. நடத்தி வைத்தவர் பிரான்சிஸ் கிரிம்கே என்னும் போதகர். அவரும் அடிமைத் தாய்க்கும் வெள்ளைப் பண்ணையாருக்கும் பிறந்தவர்.

தலைநகராகிய வாஷிங்டனில் இம்மணத்திற்குச் சட்டத் தடை இல்லை. பொட்டோமாக் ஆற்றின் பாலத்தைக் கடந்து வர்ஜீனியாவில் கால் வைத்தால் நிலை வேறு. அங்கே இத்தகைய மணம் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். தடையைத் தவிர்க்க வெளியே சென்று மணந்து திரும்பி வரும் வர்ஜீனியரையும் தண்டிக்க 1878 இல் வழி செய்திருந்தனர். டக்ளஸ் பிறந்த மேரிலாந்திலும் தடை உண்டு. தாம் பிறந்த மண்ணில் நடத்த முடியாத மணத்தைச் சில மைல் தொலைவில் நடத்தினார் அப்பெருமகன்.

சட்டம் இடந்தந்தது, சமுதாயம் தரவில்லை. ஹெலனின் தந்தை அடிமை ஒழிப்பு இயக்கத்தில் பாடுபட்டவர். டக்ளஸை முன்பே அறிந்து மதித்தவர். மருமகனாக ஏற்க மட்டும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. தம் வீட்டு வாயிலை மூடிக்கொண்டார். மேடையில் சமத்துவம், வீட்டில் வேறு நியாயம் என்னும் நிலை நமக்குப் புதிதன்று.

மறுபுறமும் அவ்வாறே. டக்ளஸின் மக்களுக்கு இம்மணம் உவப்பாக இல்லை. கறுப்பின மக்களின் இதழ்கள் சில, அவர் தம் இனத்தை அவமதித்துவிட்டார் என எழுதின. வாழ்நாள் முழுதும் தம் மக்களுக்காக உழைத்தவரை ஒரு திருமணத்தைக் கொண்டு அளந்தனர். டக்ளஸ் அசையவில்லை. மனிதர் யாவரும் ஒரு குலம் என்று நாற்பதாண்டு மேடையில் பேசியதை இறுதிக் காலத்தில் தம் வீட்டில் செய்து காட்டியதாகவே அவர் கருதினார். பெண்ணுரிமைத் தலைவி எலிசபெத் கேடி ஸ்டாண்டன் வாழ்த்தினார். இளம் இதழாளர் ஐடா வெல்ஸ், பிறர் முகந்திருப்பிய காலத்தில் ஹெலனை மதிப்போடு நடத்தினார். கறுப்பின ஆடவரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமைக்கு வெள்ளைப் பெண்களின் மானமே காரணம் எனக் கூறுவது பொய் என்று அவர் 1892 இல் நிறுவிக் காட்டியபொழுது, அந்நூலுக்கு முன்னுரையாக அமைந்த கடிதத்தை டக்ளஸ் எழுதித் தந்தார்.

மறைவும் ஒரு சாட்சிக் குறையும்

1889 முதல் 1891 வரை ஹெய்ட்டி நாட்டிற்கு அமெரிக்காவின் தூதராக இருந்த டக்ளஸ், 1895 பிப்ரவரி 20 ஆம் நாள் பெண்கள் மாநாடொன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய மாலையில் உயிர் நீத்தார்.

சீடார் ஹில் என்னும் தம் இல்லத்தை ஹெலனுக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் அவ்வுயிலில் சாட்சிக் கையெழுத்துகள் சட்டம் கேட்ட எண்ணிக்கையில் இல்லை. ஆகவே வீட்டைப் பொறுத்தவரை அது செல்லவில்லை. ஹெலன் கடன் வாங்கி, மற்ற வாரிசுகளின் பங்குகளை விலைக்கு வாங்கினார். சொற்பொழிவு ஆற்றிப் பணம் சேர்த்துக் கடனை அடைக்கப் பாடுபட்டார். 1903 இல் மறையும் வரை அவ்வீட்டை நினைவிடமாகக் காக்கவே உழைத்தார். அது இன்று அமெரிக்க அரசின் நினைவில்லமாக விளங்குகிறது. ஹெலனும் சட்டப்படி மணந்த மனைவியாக இருந்தமையாலேயே அவருக்கு வாதிட உரிமை இருந்தது. பாலத்திற்கு அப்பால் வர்ஜீனியாவில் அதே மணம் நடந்திருப்பின், அவர் மனைவியும் அல்லர், விதவையும் அல்லர்.

சுவர் இடிந்த நாள்

டக்ளஸின் மறைவுக்குப் பின்னும் அரசுகள் இச்சட்டங்களை இறுக்கின. 1924 இல் வர்ஜீனியா இனத் தூய்மைச் சட்டம் கொண்டு வந்தது. 1948 இல் கலிபோர்னியாவின் உயர்ந்த நீதிமன்றம் அம்மாநிலத் தடையைச் செல்லாது என்றது. 1958 இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் லவ்விங் என்னும் வெள்ளைக் கொத்தனாரும் மில்டிரட் என்னும் கறுப்பினப் பெண்ணும், டக்ளஸ் மணந்த அதே வாஷிங்டனில் மணந்து ஊர் திரும்பினர். நள்ளிரவில் வீடு புகுந்து அவர்களைக் கைது செய்தனர். ஓராண்டு சிறை, இருபத்தைந்து ஆண்டு வர்ஜீனியாவை விட்டு வெளியேறினால் சிறையில்லை என்பது 1959 இல் வந்த தீர்ப்பு.

அவர்கள் வழக்காடினர். 1967 சூன் 12 ஆம் நாள் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனமாக, இத்தடைகள் 14 ஆவது திருத்தத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்தனர். அப்பொழுதும் 16 மாநிலங்களில் இச்சட்டங்கள் இருந்தன. மேரிலாந்து அதே ஆண்டில்தான் தன் தடையை நீக்கிக்கொண்டது. செல்லாத அவ்விதியை அலபாமா தன் அரசியலமைப்பு ஏட்டிலிருந்து அழித்தது 2000 ஆம் ஆண்டில். ஏட்டில் எழுதுவதற்கு ஒரு நாள் போதும். உள்ளத்திலிருந்து அழிக்க நூற்றாண்டுகள் ஆகின்றன.

நமக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றுக்கும் நமக்கும் தொடர்பு புதிதன்று. மகாத்மா சோதிராவ் புலே 1873 இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 இல் படிக்கச் சென்றது, டக்ளஸ் முதல் மணம் புரிந்த அதே நியூயார்க் நகருக்கு. சாதி அழிய வேண்டுமாயின் கலப்பு மணமே மெய்யான மருந்து என அண்ணல் 1936 இல் எழுதினார். முதல் மனைவி ரமாபாய் 1935 இல் மறைந்த பின், 1948 ஏப்ரல் 15 இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவ்வம்மையாரும் நம்மவர் சிலரால் நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கப்பட்டார். டக்ளஸ் இல்லத்தில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது.

நம் நாட்டில் 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களிடையே நடைபெறும் சாதிக் கலப்பு மணங்கள் செல்லும் என்றது. 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் சாதி மதம் பாராது மணக்க வழி திறந்தது. அமெரிக்காவில் சட்டம் தடுத்தது. இங்கே சட்டம் இடந்தருகிறது. ஊர் தடுக்கிறது, உறவு தடுக்கிறது, சில வேளை உயிரையும் பறிக்கிறது. ஆகவே நம் இளைஞர் சட்டத்தை ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; மணப்பதிவு அலுவலருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் கழிய வேண்டும்; மூன்று சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். சாட்சிக் கையெழுத்தின் குறையால் ஹெலன் பட்ட பாட்டை நினைத்தால், இவை சிறு செய்திகள் அல்ல என்பது விளங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். ஆதிக்கச் சாதியார் பெண் கொடுக்க மறுப்பதைக் குறை கூறும் நாம், நமக்குள்ளே உட்பிரிவு பார்ப்பதில்லையா? ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒரு பிரிவார் மறு பிரிவாரை மருமகனாக, மருமகளாக ஏற்கத் தயங்குவதில்லையா? ஹெலனின் தந்தை மேடையில் பேசிய சமத்துவம் அவர் வீட்டு வாயிலோடு நின்றது. நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்த கல்வியும் நம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுமாயின், அது எழுத்தறிவே ஆகும், கல்வி ஆகாது.

களவாக எழுத்துக் கற்ற சிறுவன், கற்றதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் ஞாயிறுதோறும் பிறருக்கு ஊட்டினான். மணச்சான்று ஒன்றை உயிர்போல் போற்றினான். முதுமையிலும் தான் சரியெனக் கண்டதைச் செய்யத் தயங்கவில்லை. அவ்வழி நம் இளைஞரும் நடப்பாராக. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் கொண்டாடும் பொன்விழாவில், இம்மலரைப் படித்து வளர்ந்தவர்கள் சாதியும் உட்சாதியும் பாராது மணந்து, தம் மக்களோடு முன்வரிசையில் வந்து அமர்வார்களாக.